அப்பாவைத் தூங்கவிடாத கோடை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால் பேச்சு எங்கே தொடங்கினாலும் தூக்கத்தில் வந்துதான் நிற்கிறது. ஒருவருக்கு விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. இன்னொருவர் மகன் வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு படுக்கிறார். எவ்வளவு ஆழ்ந்து தூங்கினார் என்று காலையில் அது சொல்லுமாம். அது சொன்ன பிறகுதான், தான் நன்றாகத் தூங்கினோமா இல்லையா என்பதே அவருக்குத் தெரிகிறது. சாயங்காலக் காப்பியை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று நீங்கள் புலம்பும்போது உங்கள் முகங்களைப் பார்க்க வேண்டுமே, சொத்தை யாரோ எழுதி வாங்கிக்கொண்டு போன மாதிரி இருக்கும்.

நான் காப்பி குடிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பித்தம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் நம்பிவிட்டீர்கள், நம் வயதில் பித்தம் என்று சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. பித்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம். யார் வீட்டிலாவது காப்பி கொதிக்கிற வாசனை வந்தால் இன்றைக்கும் என் கண் முதலில் தேடுவது, அந்த வீட்டில் யாராவது படுத்திருக்கிறார்களா என்றுதான். படுத்திருந்தால் அவர்கள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். இது ஏன் என்று உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் ஊர் மரக்காணத்துக்குப் பக்கம். அப்பா உப்பளத்தில் பாத்தி பார்த்தார், அம்மா உப்புக் கூடை சுமந்தாள். நான் ஒரே பெண். வெயில் ஏற ஏறத்தான் உப்பு விளையும் என்பதால், சித்திரை பிறந்ததும் ஊர் வீட்டைப் பூட்டிக்கொண்டு அளத்து ஓரத்தில் ஓலைக் கொட்டகைக்கு வந்துவிடுவோம். பள்ளிக்கூடத்துக்கு லீவு விடும் காலமும் அதுதான். வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் ஆட்கள் கரையேறி, கூழைக் குடித்துவிட்டு, கொட்டகைகளில் விழுந்து தூங்குவார்கள். மற்ற ஊர்களில் இரவில் கேட்கும் குறட்டை எங்கள் அளத்தில் மத்தியானத்தில் கேட்கும். வெளியே பார்த்தால் கண் கூசும் வெள்ளை. ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது. அந்த நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அந்தக் கோடைக்கு முன்னால் வரைக்கும்.

அப்பாவுக்கு அது முதலில் வந்தது நாங்கள் கொட்டகைக்கு வந்த புதிதில். நான் பார்க்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் பார்த்தால் அப்பாவின் உதட்டோரம் ரத்தம் காய்ந்திருந்தது, நாக்கு வீங்கிப்போய்ப் பேச்சுக் குழறியது. தூக்கத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார் என்று அம்மா சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவது முறை ஒரு மத்தியானத்தில் வந்தது. அப்போது நான் பார்த்தேன். நல்ல தூக்கத்தில் இருந்தவர் திடீரென்று விறைத்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அப்பாவின் சத்தமே இல்லை. பிறகு கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, பாயில் தலை மோதிக்கொண்டே இருந்தது. அம்மா சாவிக்கொத்தை எடுத்து அவர் கைக்குள் திணித்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிப் பிடித்துக்கொண்டாள். அடங்கிய பிறகு அப்பா என்னைப் பார்த்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ‘அப்பா’ என்று கூப்பிட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வலிப்பு என்ற வார்த்தையை அம்மா வாயில் எடுக்கவே மாட்டாள். ‘அது’ என்பாள். அது வெளியே தெரியக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். பாத்தியில் உப்புத் தண்ணீர் ஒரு சாண்கூட இருக்காது, ஆனால் முகம் குப்புற விழுந்தவனுக்கு ஒரு சாண் போதும். வலிப்புக்காரனை எந்த மேஸ்திரியும் பாத்தியில் இறங்க விடமாட்டார். அப்பாவுக்கு வேறு வேலை தெரியாது. இதெல்லாம் எனக்கு அப்போதே நன்றாகப் புரிந்திருந்தது. பத்து வயதுப் பெண்ணுக்கு எது புரியாது என்று பெரியவர்கள் நினைக்கிறார்களோ, அதுதான் முதலில் புரிந்துவிடுகிறது.

மூன்றாவது முறையும் வந்தது, அதுவும் தூக்கத்தில். அம்மா அன்றைக்கு முழுவதும், கூடை சுமக்கும்போதும், யோசித்துக்கொண்டே இருந்தாள்.

அவள் யோசித்தது என்ன என்று உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் உப்புப் பாத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாத்தியில் தண்ணீர் அசையாமல் கிடந்தால், உச்சி வெயிலில் அதன்மேல் மெல்லிசாக உப்பு ஆடை கட்டிவிடும், பால் ஆறினால் கட்டுமே அந்த மாதிரி. ஆடை மூடிக்கொண்டால் அடியில் உப்பு நன்றாக விளையாது. அதனால் நீளக் கழியில் அடித்த பலகையால் தண்ணீரைக் கலைத்துவிட்டுக்கொண்டே இருப்பார்கள். கலைக்கிறவரைக்கும் ஆடை கட்டாது. பிறந்ததிலிருந்து அம்மா பார்த்தது இதைத்தான். அதையே அப்பாவின் தூக்கத்துக்கும் வைத்துப் பார்த்துவிட்டாள். அது வருவது தூக்கத்தில். அதுவும் தூக்கம் நன்றாகக் கட்டிய பிறகு. அப்படியானால் கட்டவிடாமல் கலைத்துக்கொண்டே இருந்தால் அது எப்படி வரும்?

“பாத்தியக் கலைக்கிற மாதிரிதான்” என்று அப்பாவிடம் சொன்னாள். “கண்ண மூடுங்க, வேணாங்கல. ஆனா கட்டறதுக்குள்ள நான் எழுப்பிடுவேன். எழுந்து காப்பி குடிக்கணும்.”

அப்பா தலையை ஆட்டினார். அவரும் பாத்தி பார்க்கிறவர்தானே, அவருக்கும் அது சரியாகத்தான் பட்டிருக்கும்.

அதுவரை காப்பி எங்கள் வீட்டில் நல்ல நாளில், இல்லையென்றால் யாராவது விருந்தாளி வந்தால் போடுவது. அம்மா மரக்காணம் கடைத்தெருவுக்குப் போய்க் காப்பித்தூளும் வெல்லமும் வாங்கி வந்தாள். அளத்துக் கிணற்றுத் தண்ணீரில் பால் ஊற்றினால் திரிந்துபோகும்; குடிதண்ணீர் ஊரிலிருந்து தலையில் வர வேண்டும். அதனால் பாலில்லாத வரக்காப்பிதான், கருகருவென்று, கிணற்றுத் தண்ணீரிலேயே. வெல்லத்தின் இனிப்புக்குப் பின்னால் ஒரு உப்பு நாக்கில் நிற்கும். ஈயம் பூசிய பித்தளைத் தூக்கு ஒன்று இருந்தது, அம்மா பிறந்த வீட்டுச் சீர். மூடியின் மேல் ஒரு குமிழ் இருக்கும், அதைப் பிடித்துத் திருகித் திறக்க வேண்டும். அந்தத் தூக்கு இப்போது யாரிடம் இருக்கிறதோ தெரியாது. எங்கே இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அப்படித்தான் தொடங்கியது. அப்பா படுப்பார், கொஞ்ச நேரத்தில் மூச்சு நிதானப்படும். அம்மா உடனே தோளைத் தட்டுவாள். அவர் எழுந்து உட்கார்ந்து காப்பி குடிப்பார், மறுபடி படுப்பார், மறுபடி தட்டுவாள். இரவிலும் அப்படியே, மத்தியானத்திலும் அப்படியே. அம்மா அசந்துவிட்டால் என் முறை. வாய் திறந்தபடி தூங்குகிற அப்பாவைத் தட்டி எழுப்பும்போது அவர் கண்ணைத் திறப்பார் பாருங்கள், அந்தக் கண்ணில் ஒரு கணம் பெரிய வெறுப்பு தெரியும். பிறகு என்னை அடையாளம் கண்டு சிரிப்பார். எனக்கு அந்த ஒரு கணம் போதும், பாயைவிட்டு எட்டப் போய் உட்கார்ந்துகொள்வேன். வலிப்பைவிட அதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன் என்றால் நம்புவீர்களா?

கொஞ்ச நாள் அது வரவில்லை. அம்மாவுக்கு முகம் தெளிந்தது. ஆனால் அப்பா வேறு ஆளாகிக்கொண்டிருந்தார். கண்கள் எப்போதும் சிவந்திருந்தன. வரப்பில் நடக்கும்போது கால் பின்னியது. பேசிக்கொண்டிருக்கும்போதே என்ன பேசினோம் என்பதை விட்டுவிடுவார். கையில் தம்ளர் ஆடும். மேஸ்திரி இதைக் கவனித்துவிட்டு, ராத்திரியில் எங்கே போய்க் குடிக்கிறாய் என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கடலோரத்தில் அந்தச் சரக்குக்கா பஞ்சம், அப்பாவின் கண்ணைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அப்பா வாழ்க்கையில் சாராயம் தொட்டவர் இல்லை. அம்மா பக்கத்தில் கூடையோடு நின்றிருந்தாள். அவள் மறுக்கவில்லை. அதுமட்டுமில்லை, “நான் சொன்னாக் கேக்கறாரா, நீங்களே கேளுங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குடிகாரன் பெண்டாட்டி என்ற பேர் அவளுக்குப் பரவாயில்லை. குடிகாரனுக்கு வேலை போகாது.

அந்த நாட்களில் என் வேலை, காலையில் தூக்கில் காப்பியை எடுத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருப்பது. அவர் பலகையை இழுத்தபடி நின்றுகொண்டே தூங்க ஆரம்பித்தால் கூப்பிட வேண்டும், வரச் சொல்லிக் காப்பி கொடுக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் கழுவெளி ஏரிப் பக்கம் நாரை பார்க்கப் போய்விடுவார்கள். நான் அப்பாவைப் பார்ப்பேன். வெயில் ஏறினால் வெள்ளை உப்பின் நடுவில் அவர் கறுப்பாக, சின்னதாக நிற்பார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் ஆடுகிறாரா, என் கண் ஆடுகிறதா என்று தெரியாது. ஆடுகிற மாதிரித் தெரிந்த ஒவ்வொரு தடவையும் தூக்கின் மூடியைத் திருகித் திறந்துவிடுவேன்.

அப்போது ஒரு நாள் அம்மாவின் தாய்மாமன் பெரிய முதலியார்சாவடி என்கிற ஊரில் செத்துப்போனார். போகாமல் இருக்க முடியாது. அம்மா கிளம்புவதற்கு முன் ஒரு தூக்கு நிறையக் காப்பி போட்டு வைத்துவிட்டு, தான் திரும்பி வருகிற வரைக்கும் அப்பாவுக்குத் தூக்கம் கட்டிவிடக் கூடாது, தூங்கவிட்டால் அப்பா நமக்கு இல்லை என்று என் முகத்தைப் பிடித்துச் சொன்னாள். அப்படியே சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அப்பா கூழ் குடித்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். படுக்கவில்லை. தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தம்ளரில் காப்பி ஊற்றி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“கண்ணு, இன்னிக்கி ஒரு நாளு என்னத் தூங்க உடுறியா?” என்றார்.

பெரிய மனிதர் ஒருவர் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அது வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“வந்தா வரட்டும். என்னால முடியல. எனக்கு பதிலா அந்தக் காப்பிய நீ குடிச்சிட்டு முழிச்சிக்கினு இரு. நீ முழிச்சிக்கினு இருந்தாப் போதும்.”

சொல்லி முடிக்கவில்லை, சாய்ந்துவிட்டார். மூச்சு நிதானமாயிற்று. தட்ட வேண்டிய இடம் அதுதான். கையைத் தூக்கிவிட்டேன். தோளுக்கு மேலே கை அப்படியே நின்றது. தட்டினால் அந்தக் கண் திறக்கும், அந்த வெறுப்பு வரும். தட்டாவிட்டால் அப்பா நமக்கு இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. தோள் வலித்ததும் கையைக் கீழே போட்டேன். தூக்கைத் திறந்து காப்பியைக் குடிக்க ஆரம்பித்தேன்.

அப்பா சொன்னபடி முழுவதையும் குடித்தேன். அதற்கு முன் ஒரு வாய் இரண்டு வாய்க்கு மேல் காப்பி குடித்ததில்லை. கொஞ்ச நேரத்தில் நெஞ்சு தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. விரல்கள் தாமாக நடுங்கின. காது சூடாகிவிட்டது. அப்பாவை விட்டு அது என்மேல் வந்துவிட்டது என்று நினைத்தேன். நீங்கள் சிரிக்கலாம், இப்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சாவிக்கொத்தை எடுத்து ஒரு கையில் வைத்துக்கொண்டேன். பிறகு அப்பாவுக்கு வந்தால் வேண்டுமே என்று அதை அவர் பக்கத்தில் வைத்தேன். மறுபடி எடுத்துக்கொண்டேன். இப்படியே வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். ஓலை இடுக்கில் வெயில் கோடு கோடாக விழுந்து அப்பாவின் மேல் நகர்ந்தது. காலில் இருந்த கோடு இடுப்புக்கு வந்தது, இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு. அவர் தாடை லேசாக அசைந்தால் நான் எழுந்து நின்றுவிடுவேன். ஈ வந்து உட்கார்ந்து கன்னம் துடித்தால் கை சாவிக்கொத்துக்குப் போய்விடும். யாரையாவது கூப்பிடலாம் என்றால் வெளியே ஒருவரும் இல்லை, எல்லோரும் தூங்குகிறார்கள். உலகத்தில் எல்லோருக்கும் தூங்க அனுமதி இருந்தது, எங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. அதை நினைத்து அழுதேன், சத்தம் வராமல்.

அது வரவில்லை. அப்பா வெயில் சாய்ந்த பிறகு தானாக எழுந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார். அந்த வெறுப்பு இல்லை. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணீர் கேட்டார். குரல் தெளிவாக இருந்தது. வெகுநாள் கழித்து எங்கள் அப்பா வெளியூரிலிருந்து வந்த மாதிரி இருந்தது எனக்கு.

அம்மா இருட்டும்போது திரும்பினாள். வாசலில் கால் வைப்பதற்கு முன்பே அப்பா வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கண் சிவப்பு குறைந்திருந்தது. உள்ளே வந்து தூக்கைத் திறந்து பார்த்தாள். காலி. என்னைக் கட்டிக்கொண்டு உச்சியில் முத்தம் கொடுத்தாள்.

“பாத்தியா, ஒரு தூக்கு முழுக்கக் குடிச்சதும் எப்பிடித் தெளிஞ்சிட்டாரு. நான்தான் கம்மியாக் குடுத்துக்கினு இருந்திருக்கேன்.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார். அவர் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இவ்வளவு காலமாக யோசித்திருக்கிறேன். அன்றைக்கு அது வராததை அவர் அதிர்ஷ்டம் என்று நினைத்திருக்க வேண்டும். தவிர, அவரைக் காப்பாற்ற அம்மா தன் தூக்கத்தையும் அல்லவா கொடுத்துக்கொண்டிருந்தாள்; அவளிடம் போய் உனக்குத் தெரியாமல் தூங்கினேன் என்று எப்படிச் சொல்வது? நானும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அம்மா தூளை இரண்டு மடங்காகப் போட்டாள். காப்பி எண்ணெய் மாதிரி இறங்கியது. அப்பா ஒவ்வொரு தம்ளரையும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். இப்போது அவரால் அம்மா அனுமதித்த அந்தக் கொஞ்ச நேரமும் தூங்க முடியவில்லை. படுத்தால் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அம்மாவுக்கு அது நிம்மதியாக இருந்தது. தட்ட வேண்டிய வேலை குறைந்துவிட்டதே.

என் பயம் அப்போதுதான் உருமாறியது. அதுவரை அது வந்துவிடுமோ என்று பயந்தேன். இப்போது அப்பா வேறு எதுவாகவோ ஆகிவிடுவாரோ என்று பயந்தேன். இல்லாத ஆளிடம் பேசினார். பாத்தியில் ஆடு இறங்கிவிட்டது, ஓட்டு என்று என்னை அனுப்பினார். போய்ப் பார்த்தால் வெறும் உப்பு. சொல்லிவிட வேண்டும், அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் எழுவேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் வாய் வராது. அவள் முகமும் அப்போது பாதியாகிவிட்டிருந்தது.

பிறகு அந்தக் காலை. பொழுது நன்றாக விடிந்து, வெயில் சுருக்கென்று படத் தொடங்கியிருந்தது. பெண்கள் கூடையோடு வரிசையாக வரப்பில் போய்க்கொண்டிருந்தார்கள், அம்மா முன்னால். அப்பா என்னிடம் வந்து காப்பி வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி பாத்தியில் இறங்கினார். கண் விழித்துத்தான் இருந்தது. இரண்டு தடவை பலகையை இழுத்தார். நின்றார். தலை ஒரு பக்கமாகத் திரும்பியது, யாரோ கூப்பிட்ட மாதிரி. நான் ‘அப்பா’ என்றேன். அந்தச் சத்தம் வந்தது, கொட்டகையில் கேட்ட அதே சத்தம். கழி கையைவிட்டுப் போனது. அவர் முகம் குப்புறத் தண்ணீரில் விழுந்தார்.

நான் ஓடினேனா, விழுந்தேனா, தெரியாது. பாதத்தை உப்பு கிழித்தது பிறகுதான் தெரிந்தது. அவர் உடம்பு தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தது. அவரைப் புரட்ட எனக்குப் பலமில்லை. தலைமுடியை இரண்டு கைகளாலும் பிடித்து முகத்தைத் தூக்கினேன். தலை வெட்டி வெட்டி இழுத்து என் கையிலிருந்து நழுவியது, முகம் மறுபடி தண்ணீருக்குள் போனது. மறுபடி பிடித்தேன். மூக்கிலிருந்து உப்புத் தண்ணீர் வந்தது. கண் திறந்திருந்தது, அந்தக் கண்ணில் உப்புத் தண்ணீர் நின்றது, அவர் இமைக்கவில்லை. நான் கத்திக்கொண்டே இருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஒரு சத்தமும் கேட்ட ஞாபகமில்லை. கூடைகள் விழுந்தன, பெண்கள் ஓடி வந்தார்கள். முதலில் வந்தவள் அம்மா. அவரைப் புரட்டி மடியில் போட்டுக்கொண்டாள். யாரோ அப்பாவின் கையில் இரும்பைத் திணித்தார்கள். மேஸ்திரி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தலையிலிருந்த துண்டு அவர் கைக்கு வந்திருந்தது.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “காப்பி குடுத்தியா இல்லியா?”

கொடுத்தேன் என்றேன். இப்போதுதான் குடித்தார், முழித்துக்கொண்டுதான் இருந்தார் என்றேன். அம்மா நம்பாமல் தூக்கைத் தேடினாள். அப்போது எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, தைரியம்கூட இல்லை, இனிமேல் பயப்பட ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது.

“நீ முதலியார்சாவடி போன அன்னிக்கி அப்பா தூங்கினாரும்மா. மத்தியானம் பூரா தூங்கினாரு. காப்பிய நான்தான் குடிச்சேன். அன்னிக்கிதாம்மா வர்ல.”

அம்மா அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அப்பாவின் கண்ணிலிருந்த உப்புத் தண்ணீரை முந்தானையால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

உப்பு ஏற்ற வந்திருந்த லாரியில் மேஸ்திரியே அப்பாவை ஏற்றித் திருப்பிவிட்டார், பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு. குடிகாரன் என்று திட்டிய மனிதர் வழியெல்லாம் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். வேலை போய்விடுமோ என்று நாங்கள் பயந்து செத்தது அவருக்குத்தான். அவர் அப்புறம் அப்பாவுக்குக் கரையில் மூட்டை தைக்கிற வேலை போட்டுக் கொடுத்தார். முதல் நாளே அவரிடம் சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் யாருக்குப் பயப்பட வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதைக்கூடத் தப்பாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். எப்போதிலிருந்து வருகிறது, எப்படி வருகிறது என்றெல்லாம் கேட்டுவிட்டு, ராத்திரியில் நன்றாகத் தூங்குகிறாரா என்று கேட்டார். அம்மா ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் மறைக்கவில்லை.

“தூங்க உடறதில்லீங்க. தூங்கினா வருதுன்னு, காப்பி குடுத்துக் குடுத்து எழுப்பிடறேன்.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். இந்தக் கோடை முழுக்க என்று அம்மா சொன்னாள். அவர் கோபப்படவில்லை, நிதானமாகத்தான் சொன்னார். இந்த நோய் இருக்கிறவர்களுக்குத் தூக்கம்தான் பாதி மருந்து. தூக்கத்தில் வருவது உண்மை. ஆனால் தூக்கத்தைக் கெடுத்தால் விழித்திருக்கும்போதும் வரும். மாத்திரை தருகிறேன், வேளை தவறாமல் கொடுங்கள், படுத்தால் எழுப்பாதீர்கள், அந்தக் காப்பியை நிறுத்துங்கள். அம்மா ஒவ்வொன்றுக்கும் ‘சரிங்க’ என்று சொன்னாள். வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஒரு கிழவர் என்னம்மா, புருஷனுக்கு ஒன்றும் ஆபத்தில்லையே என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள்.

கொட்டகைக்குத் திரும்பிய அன்று மத்தியானம். மாத்திரை கொடுத்தாயிற்று. அம்மா பாயை உதறிப் போட்டாள், தன் நல்ல புடவை ஒன்றை மடித்துத் தலைக்கு வைத்தாள். காற்று வர ஓலைத் தட்டியைத் தூக்கிக் கட்டினாள். “படுங்க” என்றாள். அப்பா பாயில் உட்கார்ந்தார். படுக்கவில்லை. கண் செருகிச் செருகி வந்தது. தலை சாயும், உடனே திடுக்கிட்டு நிமிர்வார். தோளை ஒரு கையால் பொத்திக்கொண்டிருந்தார். அம்மா எப்போதும் தட்டும் தோள்.

“நான் பக்கத்துல இருக்கேன், நீங்க தூங்குங்க” என்று அம்மா அருகில் உட்காரப் போனாள்.

அப்பா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார், கோபம் துளியும் இல்லை.

“அவ இருக்கட்டும். நீ வெளிய போ. நீ இருந்தா எனக்குத் தூக்கம் வராது.”

அம்மா பாதி உட்கார்ந்தவள் அப்படியே எழுந்தாள். என்னைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் உங்களுக்கு எப்படிச் சொல்ல? தட்டிக்கு அடியில் குனிந்து வெளியே போனாள். அப்பா படுத்தார். தோளிலிருந்து கையை எடுத்தார். மூச்சு நிதானமாயிற்று. நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டது, அன்றைக்கு நான் ஒரு வாய்க் காப்பியும் குடிக்கவில்லை.

அம்மா எங்கேயும் போகவில்லை. ஓலைக்கு அந்தப் பக்கம், நிழலே இல்லாத இடத்தில், கொதிக்கிற மணலில் உட்கார்ந்திருந்தாள். இடுக்கு வழியாக அவள் முதுகு தெரிந்தது. உள்ளே எட்டிப் பார்க்க அவளுக்குப் பயம், பார்த்தால் அவர் விழித்துவிடுவாரோ என்று.

கொஞ்ச நேரம் கழித்து, ஓலையோடு வாயை வைத்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “மூச்சு வருதா?” என்று கேட்டாள்.

வருதும்மா என்றேன்.

வெயில் கோடு அப்பாவின் காலிலிருந்து நகர ஆரம்பித்தது. அவள் மறுபடி கேட்டாள். நான் மறுபடி சொன்னேன். அப்பா புரண்டு படுத்தார், எழவில்லை. அளம் முழுவதும் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் எழுகிற வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் நான் அவர் மூக்குக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.